கூடாரத்தில் மூன்று இரவுகள்

வேத பகுதி: எபிரெயர் 11:8-10



பிழைப்பு தேடி நகரத்திற்கு வந்த நம்மிடத்தில் ஒரு கேள்வி உண்டு. ஞாயிறு ஆராதனை முடிந்து, சபை வாசலில் கைகுலுக்கி, ஸ்தோத்திரம் சொன்ன பின்பு அடுத்ததாக வருவது அந்தக் கேள்விதான். "சொந்த வீடு வாங்கிவிட்டீர்களா?" இதை என்னிடம் அநேகர் கேட்டிருக்கிறார்கள். நானும் அநேகரிடம் கேட்டிருக்கிறேன்.

1978-ஆம் ஆண்டு திருநெல்வேலிச் சீமையிலிருந்து பம்பாய்க்கு வந்தபோது, தாராவியில் ஏழு பேர் தங்கியிருந்த ஓர் அறையில் எட்டாவது ஆளாகச் சேர்ந்தேன். கடைசல் இயந்திரத்தில் வேலை. 1997-இல் கடன் வாங்கி, கல்யாணில் ஒரு வீட்டை வாங்கினேன். அதைக் கர்த்தருடைய நன்மை என்று சபையில் எழுந்து நின்று சாட்சி சொன்னேன். அது நன்மைதான்; மறுக்கவில்லை. ஆனால் அந்த வீட்டிற்கு என் குடும்பம் கொடுத்த விலை என்னவென்று அப்பொழுது நான் கணக்குப் பார்க்கவில்லை. 2023-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், சுவரும் கதவும் இல்லாத ஒரு வாசஸ்தலத்தில் மூன்று இரவுகள் தங்கினபோதுதான் கர்த்தர் அதை எனக்கு உணர்த்தினார்.

ஏரிக்கரையில் ஓர் ஊர்

என் மகன் அமெரிக்காவில் யூட்டா மாநிலத்திலுள்ள சால்ட் லேக் சிட்டியில் வேலை செய்கிறான். நானும் என் மனைவியும் அவனிடம் போயிருந்தபோது, "அப்பா, மூன்று நாள் கூடாரத்தில் தங்கப் போகிறோம்" என்றான். வசதியான வீட்டை விட்டுவிட்டுக் காட்டில் போய்ப் படுப்பானேன் என்று எனக்குத் தோன்றியது. பேரப்பிள்ளைகளின் சந்தோஷத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன்.

வடக்கே ஏறக்குறைய ஆறு மணி நேரப் பயணம். வயோமிங் மாநிலத்தில் கிராண்ட் டீட்டன் என்னும் தேசியப் பூங்கா இருக்கிறது. அங்கே 13,700 அடிக்கு மேல் உயர்ந்த மலைத்தொடரின் அடிவாரத்தில் ஜாக்சன் ஏரி நீண்டு கிடக்கிறது. ஏரியே கடல் மட்டத்திலிருந்து 6,700 அடிக்கும் மேலே இருக்கிறது. நம் கொடைக்கானலை ஒத்த உயரம். பனிப்பாறைகள் குடைந்து உண்டாக்கின இயற்கையான ஏரி அது. ஐடஹோ மாநிலத்து விவசாயிகளின் பாசனத்திற்காக ஸ்நேக் நதியின் குறுக்கே அணை கட்டி, 1916-க்குள் ஏரியின் மட்டத்தை உயர்த்தினார்கள்.

அந்த ஏரியின் கிழக்குக் கரையில், பைன் மரங்களுக்கு நடுவே, கோல்ட்டர் பே என்னும் முகாம் மைதானம் உண்டு. முந்நூறுக்கும் அதிகமான இடங்கள் எண் போட்டுப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு மர மேஜை, தீ மூட்ட ஓர் இரும்பு வளையம், வண்டி நிறுத்த ஓர் இடம். பொதுக் கழிப்பறைகளும் தண்ணீர்க் குழாய்களும் அருகில் உண்டு. அவ்வளவுதான். பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்துகொள்ள வேண்டும். ஓர் இடத்தில் ஆறு பேர் தங்கலாம். நாங்கள் சரியாக ஆறு பேர். இரண்டு கூடாரங்கள் அடித்தோம்.

அங்கே அரசாங்கம் வைத்திருக்கிற ஒரு விதி என் மனதில் தைத்தது. 14 நாட்களுக்கு மேல் ஒருவரும் தங்கக் கூடாது. கோடீஸ்வரனானாலும் கூலிக்காரனானாலும் நாள் முடிந்ததும் கூடாரத்தைப் பிடுங்கிக்கொண்டு, அடுத்தவனுக்கு இடம் விட வேண்டும். இத்தனை அழகான ஏரிக்கரையில் ஒருவருக்கும் பட்டா கிடையாது.

பட்டா இருந்த காலமும் உண்டு. ஷோஷோனி முதலான பழங்குடி மக்கள் கோடைதோறும் வந்து தங்கி, வேட்டையாடிச் சென்ற பள்ளத்தாக்கு அது. பின்பு வெள்ளைக்காரக் குடியேறிகள் வேலி போட்டுப் பண்ணைகள் அமைத்தார்கள். 1920-களின் பிற்பகுதியிலிருந்து ஜான் டி. ராக்பெல்லரின் மகன் ஒரு நிறுவனத்தின் பெயரால் அந்தப் பண்ணைகளை ஒவ்வொன்றாக விலைக்கு வாங்கினார். ஏறக்குறைய முப்பதாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை 1949-இல் அரசாங்கத்திற்குத் தானமாகக் கொடுத்தார். 1950-இல் பூங்கா இன்றைய வடிவம் பெற்றது. வாங்கினவர் அதைத் தமக்கென்று பூட்டி வைத்திருந்தால், கல்யாணிலிருந்து போன நான் அந்தக் கரையில் ஓர் இரவு படுத்திருக்க முடியாது.

பெட்டிக்குள் போன மிக்சர்

கூடாரம் அடித்தவுடன் என் மருமகள், "மாமா, தின்பண்டம் எதுவும் கூடாரத்துக்குள் இருக்கக் கூடாது" என்றாள். அது கரடிகள் நடமாடும் நாடு. கருங்கரடியும் உண்டு, அதைவிடப் பெரிய கிரிஸ்லி கரடியும் உண்டு. கரடியின் மோப்பம் மிகவும் கூர்மையானது. ஆகையால் முகாமில் கனமான இரும்புப் பெட்டிகளை வைத்திருக்கிறார்கள். அரிசி, பருப்பு மாத்திரமல்ல. சமைத்த பாத்திரம், பற்பசை, சோப்பு என்று மணம் வீசுகிற யாவும் அந்தப் பெட்டிக்குள்ளோ, பூட்டின காருக்குள்ளோ போக வேண்டும். என் மனைவி ஊரிலிருந்து கொண்டுவந்த மிக்சரும் எலுமிச்சை ஊறுகாயும் பெட்டிக்குள் போயின. அவள் தலைக்குத் தேய்க்கிற தேங்காய் எண்ணெயும் போயிற்று.

இவ்வளவு கெடுபிடி மனிதருடைய பாதுகாப்புக்காக என்றுதான் நினைத்தேன். என் மூத்த பேரன், ஒன்பது வயது, எனக்கு விளக்கினான். "தாத்தா, இது கரடிக்காகவும்தான்." மனிதர் உணவை ஒருமுறை ருசித்த கரடி, காட்டில் இரை தேடுவதை விட்டுக் கூடாரங்களைத் தேடி வரப் பழகிவிடும். பயம் தெளிந்துவிட்ட கரடியைச் சில வேளைகளில் அதிகாரிகளே கொல்ல வேண்டியதாகிறது. யாரோ ஒருவர் மேஜையின்மேல் மறந்து வைத்த ரொட்டித் துண்டுக்கு அந்த மிருகம் தன் உயிரைக் கொடுக்கிறது. நம் அஜாக்கிரதைக்கு வேறொரு ஜீவன் விலை செலுத்துகிறது என்பதை அந்தச் சிறுவன் சொல்லக் கேட்டபோது, என் உள்ளத்தில் ஏதோ அசைந்தது. அப்பொழுது அதன் அர்த்தம் எனக்கு விளங்கவில்லை.

சக்கரத்தின்மேல் ஒரு வீடு

எங்களுக்கு அடுத்த இடத்தில் ஒரு பெரிய வண்டி நின்றது. 'ஆர்.வி.' என்று சுருக்கமாகச் சொல்லுகிறார்கள். வீட்டையே சக்கரத்தின்மேல் ஏற்றினதுபோல இருக்கும். சிலவற்றிற்கு இயந்திரம் உள்ளேயே உண்டு. சிலவற்றைக் காருக்குப் பின்னால் கட்டி இழுக்கிறார்கள். உள்ளே படுக்கை, அடுப்பு, குளிர்பெட்டி, கழிப்பறை எல்லாம் அடக்கம். நல்ல தண்ணீருக்கு ஒரு தொட்டி, பாத்திரம் கழுவின தண்ணீருக்கு ஒன்று, கழிப்பறைக் கழிவுக்கு ஒன்று என்று வண்டியின் அடியில் தனித்தனித் தொட்டிகள். மின்சாரமும் தண்ணீரும் கழிவுக்குழாயும் நேரடியாக இணைத்துக்கொள்ளும் வசதி வேண்டியவர்களுக்கு அருகிலேயே தனி மைதானம் உண்டு. மற்றவர்கள் தொட்டி நிறைந்ததும் அதற்கென்று குறிக்கப்பட்ட இடத்திற்கு ஓட்டிச் சென்று காலி செய்ய வேண்டும். அரிசி கழுவின தண்ணீரைக்கூடத் தரையில் ஊற்றக் கூடாது. என் மனைவி பழக்கத்தில் மரத்தடியில் ஊற்றப்போக, மருமகள் ஓடிவந்து தடுத்தாள்.

அன்று மாலை உபாகமம் 23-ஆம் அதிகாரத்தை வாசித்தேன். வனாந்தரத்தில் இஸ்ரவேல் ஜனங்கள் பாளயத்திற்குப் புறம்பே போய், ஒரு கோலால் மண்ணைத் தோண்டி, கழிவை மூடவேண்டும் என்று கர்த்தர் கட்டளையிட்டிருக்கிறார். காரணத்தையும் சொல்லியிருக்கிறார்: அவர் பாளயத்தின் நடுவே உலாவுகிறவர். சுகாதாரத்தைக் குறித்த சட்டத்தை அவர் தம்முடைய பிரசன்னத்தோடு இணைத்தார். நம் சாலுக்கும் சபைக்கும் முன்னால் குப்பையைத் தாண்டிக்கொண்டு அல்லேலூயா பாடி நடந்த நாட்களை நினைத்து வெட்கப்பட்டேன்.

அடுத்த இடத்து வண்டியில் முதிர்வயதான ஒரு தம்பதியர் இருந்தார்கள். அவர் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். வீட்டை விற்றுவிட்டு, ஐந்து ஆண்டுகளாக அந்த வண்டியிலேயே வாசம். எங்களுக்கு விறகு கொடுத்தார். நாங்கள் உப்புமா கொடுத்தோம். விருப்பத்தினால் இப்படி வாழ்கிறவர்கள் உண்டு என்றும், வாடகை கொடுக்க இயலாமல் வண்டியே கதியென்று ஆனவர்களும் உண்டு என்றும் சொன்னார். செல்வம் நிறைந்த தேசத்திலும் குடியிருக்க வீடில்லாதவர்கள் இருக்கிறார்கள். "உங்கள் வீட்டை நினைத்து வருந்துவதில்லையா?" என்று மகன் மூலமாகக் கேட்டேன். அவர் மனைவி சிரித்துக்கொண்டே, பெரிய வீட்டில் இருந்தபோது தாங்கள் ஆளுக்கொரு அறையில் இருந்ததாகவும், இந்த வண்டியில் சண்டை போட்டாலும் ஓடி ஒளிய இடமில்லாததால் சமாதானமாகித்தான் ஆகவேண்டும் என்றும் சொன்னார்.

நெருப்பின் அருகில்

இரண்டாம் இரவு. ஆகஸ்ட் மாதமானாலும் அங்கே இரவுக்குளிர் எலும்பைத் தொடும். இரவு 10 மணிக்கு மேல் சத்தம் போடக் கூடாது என்பது விதி. பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். பெண்கள் கூடாரத்துக்குள் போனார்கள். கைபேசியில் சமிக்ஞை சரியாகக் கிடைக்கவில்லை. நானும் மகனும் நெருப்பின் அருகில் அமர்ந்திருந்தோம். மரங்களின் ஊடாக ஏரித் தண்ணீர் நட்சத்திர வெளிச்சத்தில் தெரிந்தது.

வெகுநேரம் கழித்து அவன் சொன்னான்: "அப்பா, நீங்கள் ஒரே இடத்தில் இத்தனை நேரம் என்னோடு உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை."

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

"ஞானஸ்நானம் எடுத்த அன்று, தண்ணீரிலிருந்து எழும்பினவுடன் கரையில் உங்களைத்தான் தேடினேன்."

2001-ஆம் ஆண்டு. அவனுக்குப் பதினாறு வயது. சபையார் உல்லாஸ் நதிக்கரையில் ஞானஸ்நான ஆராதனை வைத்திருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு வேலைக்கு இரட்டைச் சம்பளம். வீட்டுக் கடனில் இரண்டு தவணை பாக்கி இருந்தது. நான் வேலைக்குப் போனேன். 'நான் யாருக்காக உழைக்கிறேன்? அவனுக்காகத்தானே' என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவன் அதைப்பற்றி இருபத்திரண்டு ஆண்டுகள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. மாதந்தோறும் பணம் அனுப்பினான். வாரந்தோறும் தொலைபேசியில் சுகம் விசாரித்தான். ஆனாலும் எங்களுக்கு நடுவே ஏதோ ஒரு சுவர் இருந்தது. அதை நான் நாடுகளுக்கு நடுவேயுள்ள தூரம் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

அவனுக்கென்று நான் வாங்கின கல்யாண் வீட்டில் ஓர் அறை இருக்கிறது. அவன் 2010-இல் அமெரிக்காவுக்குப் போனதுமுதல் அது பூட்டியே கிடக்கிறது. சுவர்களைச் சம்பாதிக்கிற வேகத்தில், சுவர்களுக்குள் இருக்கவேண்டியவர்களைத் தொலைத்தேன். என் அஜாக்கிரதைக்கு அவன் விலை செலுத்தியிருக்கிறான். பேரன் கரடியைக் குறித்துச் சொன்னது அப்பொழுது எனக்கு விளங்கிற்று.

பிரியமானவர்களே, தகப்பன் மகனிடத்தில் மன்னிப்புக் கேட்கும் வழக்கம் நம்மிடத்தில் இல்லை. எனக்கும் அது எளிதாக இருக்கவில்லை. "நான் வந்திருக்க வேண்டும். என்னை மன்னித்துவிடு, மகனே" என்று மாத்திரம் சொன்னேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். நெருப்பு தணிந்துபோகும்வரை இருவரும் பேசாமல் இருந்தோம். பிறகு ஏரிக்கரைக்கு நடந்துபோய், குளிரில் நடுங்கிக்கொண்டே ஜெபித்தோம். அவன் ஜெபித்தான், நான் ஆமென் சொன்னேன்.

மூன்று தலைமுறை, ஒரே கூடாரம்

மறுநாள் ஞாயிறு. முக்கால் மணி நேரப் பயணத்தில், மூஸ் என்னும் இடத்தில், 1925-இல் மரத்தடிகளால் கட்டப்பட்ட ஒரு சிற்றாலயம் உண்டு. இயேசு மறுரூபமானதை நினைவுகூரும் பெயர் அதற்கு. ஆராதனை முறையில் நம்மைவிட வேறுபட்ட சபையார் கட்டினது. பீடத்தின் பின்னால் சுவருக்குப் பதிலாக ஒரு பெரிய கண்ணாடி ஜன்னல். அதன் ஊடே மலைச்சிகரங்கள் தெரிகின்றன. அவற்றின் முன்னே ஒரு சிலுவை. மறுரூப மலையிலே பேதுரு மூன்று கூடாரங்கள் போட ஆசைப்பட்டதும், கர்த்தர் அவர்களைத் திரும்பவும் ஜனங்கள் நடுவே இறக்கிக்கொண்டு வந்ததும் நினைவுக்கு வந்தது. மலையிலே தங்கிவிட அவருக்குச் சித்தமில்லை.

அங்கே அமர்ந்து எபிரெயர் 11-ஐ வாசித்தேன். ஆபிரகாம் வாக்குத்தத்த தேசத்திலே பரதேசியைப்போலக் கூடாரங்களில் வாசம்பண்ணினான் என்பதைப் பிரசங்கங்களில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். ஆனால் ஒன்பதாம் வசனத்தில் ஈசாக்கின் பெயரும் யாக்கோபின் பெயரும் அவனோடுகூட வருவதை அன்றுதான் கவனித்தேன். ஆதியாகமத்திலுள்ள வயதுகளைக் கூட்டிப் பாருங்கள். ஈசாக்கு பிறந்தபோது ஆபிரகாமுக்கு 100 வயது. யாக்கோபு பிறந்தபோது ஈசாக்குக்கு 60. ஆபிரகாம் மரித்தது 175-ஆம் வயதில். அப்படியானால் பாட்டனும் பேரனும் பதினைந்து ஆண்டுகள் ஒரே காலத்தில் கூடாரவாசிகளாக இருந்திருக்கிறார்கள். அந்தத் தேசத்தில் ஆபிரகாம் கிரயத்துக்கு வாங்கினது மக்பேலா என்னும் நிலத்தை, அது கல்லறைக்காக. அவன் பிள்ளைகளுக்குக் கட்டின வீடு ஒன்றையும் விட்டுப்போகவில்லை. கூடாரம் அடித்த இடங்களில் பலிபீடம் கட்டினான். பிள்ளைகள் அதைப் பார்த்து வளர்ந்தார்கள். ஈசாக்கு பெயெர்செபாவில் செய்ததும் அதுதான்: பலிபீடம் கட்டினான், கூடாரம் போட்டான்.

நாம் செய்யக்கூடியது

வாடகை வீட்டில் இருக்கிற சகோதரரே, சகோதரியே, நீங்கள் யாருக்கும் தாழ்ந்தவர்கள் அல்ல. பதினோரு மாத ஒப்பந்தம் முடிந்து சாமான்களைத் தூக்கும்போதெல்லாம், முற்பிதாக்களின் வரிசையில் நிற்கிறீர்கள். சொந்த வீட்டிற்காக முயற்சி செய்யுங்கள், அது பாவமல்ல. ஆனால் தவணைக்காக ஞாயிறையும், கூடுதல் சம்பளத்திற்காகக் குடும்ப ஜெபத்தையும் அடகு வைக்காதிருங்கள். அடகு வைத்ததை மீட்க எனக்கு இருபத்திரண்டு ஆண்டுகள் ஆயின.

இதற்கு அமெரிக்கா போக வேண்டியதில்லை. மாதத்தில் ஒரு மாலை, கைபேசிகளை ஒரு பெட்டியில் போட்டுப் பூட்டுங்கள். கரடிக்குப் பயந்து நாங்கள் மிக்சரைப் பூட்டினதுபோல. மொட்டைமாடியிலோ, தெருமுனைப் பூங்காவிலோ பாயை விரித்துச் சேர்ந்து சாப்பிடுங்கள். பிள்ளைகள் பேசட்டும், நீங்கள் கேளுங்கள். முடிவில் அவர்களே ஜெபிக்கட்டும்.

மும்பை, புனே பகுதியிலுள்ளவர்கள் இப்பொழுது பாவனா அணை ஏரிக்கரைக்குக் கூடாரத்தில் தங்கப் போகிறார்கள். சபை வாலிபரை அழைத்துச் செல்லுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அணை ஏரியின் கரை திடீரென்று ஆழமாகும். அடியிலே சேறு இருக்கும். நீச்சல் தெரியும் என்ற தைரியத்தில் இறங்கி உயிரிழந்த வாலிபர் உண்டு. குளிக்க இறங்க வேண்டாம். படகில் ஏறினால் உயிர்காப்புச் சட்டை அணியாமல் ஏற வேண்டாம். மழைக்காலத்தைத் தவிருங்கள். கொண்டுபோன குப்பையைத் திரும்பக் கொண்டுவாருங்கள். நாம் தங்கின இடத்தைப் பார்க்கிறவர்கள் நம் தேவனைக் குறித்துத் தூஷணமாய்ப் பேச இடங்கொடாதிருப்போம்.

திங்கட்கிழமை காலையில் கூடாரங்களைப் பிடுங்கினோம். அரை மணி நேரத்தில் எங்கள் வீடு ஒரு பைக்குள் அடங்கிவிட்டது. தரையிலே புல் அழுந்திய ஒரு சதுரம் மாத்திரம் மீந்திருந்தது. ஆறு வயது பேத்தி அதைப் பார்த்து, "தாத்தா, நம் வீடு எங்கே?" என்று கேட்டாள். என் மகன் அவளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, என் கையையும் பிடித்துக்கொண்டான். "எல்லாரும் இங்கேதான் இருக்கிறோமே" என்றான். நாங்கள் வண்டியில் ஏறுமுன்பே அந்த இடத்திற்கு வேறொரு குடும்பம் காத்திருந்தது.

இப்பொழுதெல்லாம் சபை வாசலில் யாரிடமும் நான் பழைய கேள்வியைக் கேட்பதில்லை. அதற்குப் பதிலாக, "உங்கள் வீட்டில் குடும்ப ஜெபம் எத்தனை மணிக்கு?" என்று கேட்கிறேன். சிலர் நேரத்தைச் சொல்லுகிறார்கள். சிலர் தலை குனிகிறார்கள். அவர்களிடத்தில் என் கதையைச் சொல்லுகிறேன்.

பரதேசிகளாகிய நம்மோடு வாசம்பண்ணும்படி மாம்சமாகி வந்த கர்த்தர், நம்முடைய சிறிய அறைகளிலும் வாடகை வீடுகளிலும் தங்கி, தகப்பன்மாரின் இருதயத்தைப் பிள்ளைகளிடத்திற்குத் திருப்புவாராக. ஆமென்.